தொட்டிலில் கிடந்த பாக்குவெட்டி

1974 ஜனவரி 29, செவ்வாய்க்கிழமை. போடியில் எங்கள் தெருக்குழாயில் விடிவதற்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது. நாலு குடம் பிடித்தேன். முதல் குடம் குடிக்க, இரண்டாவது சமைக்க, மற்ற இரண்டும் கொல்லையில் இருக்கும் அண்டாவுக்கு. பிறகு பெரியவள் இரவில் நனைத்திருந்த பாயைத் துவைக்கல்லில் விரித்து அலசிச் சுவரில் சாய்த்தேன். அடுப்பைப் பற்றவைத்து, காப்பிக்கும் சின்னவளின் குளியலுக்கும் தண்ணீர் போட்டேன். எட்டு மணிக்கு என் கணவர் இட்லி சாப்பிட்டுவிட்டு, தாம் கணக்கெழுதும் ஏலக்காய் மண்டிக்குப் புறப்பட்டுப் போனார். ஒன்பது மணிக்குக் காலை நீட்டி உட்கார்ந்து சின்னவளைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டேன். அவள் விழித்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு, தொட்டிலுக்குள் பாக்குவெட்டியை வைத்தேன்.

கடைசி வேலையை விளக்கிச் சொல்ல வேண்டும். குழந்தை இல்லாத தொட்டிலை ஆட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள கட்டுப்பாடு. ஆட்டினால் குழந்தைக்கு வயிற்றுவலி வரும் என்பார்கள். அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொள்வார்கள். காற்றில் தானாக ஆடினாலும் ஆகாது. அதனால் குழந்தை கையில் இருக்கும் நேரத்தில் தொட்டிலுக்குள் ஏதாவது ஓர் இரும்பைப் போட்டுவைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் அது என் கல்யாணச் சீரில் வந்த பாக்குவெட்டி. வாய் திறந்துகொள்ளாதபடி ஒரு கிழிந்த வேட்டியின் கரையால் அதை இறுக்கிச் சுற்றியிருந்தேன். சின்னவள் பிறந்த அக்டோபர் மாதத்திலிருந்து அது வெற்றிலைத் தட்டுக்குத் திரும்பவே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து வெற்றிலை போட்டவர்கள் பாக்கைப் பல்லால் உடைத்துக்கொண்டார்கள்.

பெரியவளுக்கு அப்போது மூன்று வயது முடிந்து நாலு மாதம். அந்தப் பாக்குவெட்டியை எடுத்து எங்கேயாவது ஒளித்துவிட்டு வெறுந்தொட்டிலை ஆட்டுவதுதான் அவளுக்கு முழுநேர வேலை.

என் நாட்குறிப்பில் செய்த வேலைகள் மட்டும்தான் இருக்கும். மனசில் பட்டது இருக்காது. அந்த வருஷத்துக் குறிப்புகளை இப்போது எடுத்துப் பார்த்தால், ஜனவரி மாதம் முழுவதும் 'பாய் அலசியது', 'பாக்குவெட்டி தேடியது' என்றே இருக்கிறது. ஒருநாள் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. ஒருநாள் விறகுக்கு அடியில். ஒருநாள் அண்டாத் தண்ணீருக்குள் கிடந்து துரு ஏறியிருந்தது. அன்று அதைப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டே நான் பல்லைக் கடித்தது எந்தக் குறிப்பிலும் இல்லை. அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

பெரியவளின் பிரசவம் பண்ணைப்புரத்தில் என் அம்மா வீட்டில் நடந்தது. முதல் பிரசவம் தாய்வீட்டில், இரண்டாவது புருஷன் வீட்டில் என்பது முறை. புருஷன் வீட்டில் பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே என்று யாரும் நினைப்பதில்லை. என் மாமனாரும் மாமியாரும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள். சின்னவள் பிறந்தபோது அம்மா வந்து இரண்டு வாரம் இருந்தார். பிறகு மாடு கறக்க ஆளில்லை, கடலை எடுக்க ஆளில்லை என்று வரிசையாகத் தகவல் வந்தது. புறப்படும்போது அம்மா சொன்னது, ஒன்றை வளர்த்துப் பழகிவிட்டாய், இரண்டாவது தானாக வளரும் என்பதுதான்.

தானாக எதுவும் வளரவில்லை. சின்னவளைவிடப் பெரியவள்தான் என்னைத் திணறடித்தாள்.

அதற்கு முன்பு அவளும் நானும் அப்படி இருந்தவர்கள் இல்லை. என் கணவர் சரக்கு வாங்க மலைக்கு மேலே போனால் இரண்டு மூன்று நாள் வரமாட்டார். அந்த நாட்களில் வீட்டில் நாங்கள் இருவர்தான். தண்ணீருக்கு நிற்கும்போது கவிழ்த்த குடத்தின் மேல் உட்கார்ந்து எனக்கு இடம் பிடிப்பாள். கரண்டிகளை நான் நீளவாரியாக ஆணியில் மாட்டுவேன். எந்தக் கரண்டிக்குப் பிறகு எது என்று அவளுக்குத் தெரியும். கழுவிய கரண்டிகளை வரிசை மாறாமல் எடுத்துத் தருவாள். என் கைக்கு அடக்கமான பிள்ளை என்று நினைத்திருந்தேன்.

சின்னவளோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பெரியவள் ஓடிவந்து என் கன்னம் இரண்டையும் பிடித்தாள். அந்தக் கை எனக்கு அந்நியமாக இருந்தது. ஐந்து நாளில் யாரோ அவளை ஊதிப் பெரிதாக்கிவிட்டதுபோல இருந்தாள். தலை பெரிது, பாதம் பெரிது, குரல் பெரிது. தலைமயிரில் எண்ணெயும் புழுதியும் கலந்த வாடை. சின்னவளின் விரல்களைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தால், இவ்வளவு பெரிய பிள்ளைக்கு ஏன் இன்னும் ஊட்ட வேண்டும், ஏன் இடுப்பில் தூக்க வேண்டும் என்று எரிச்சல் வந்தது. மூன்று வயதுப் பிள்ளை அவள். எனக்கு அது கணக்காகத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

என் கணவருக்கு மலையில் பழகிய மலையாளத்தில் ஒரு சொல் பிடித்துப்போயிருந்தது. பெரியவளை, மகளே என்ற அர்த்தத்தில், 'மோளே' என்றுதான் கூப்பிடுவார். நவம்பரில் ஒருநாள் மண்டியிலிருந்து வந்தவர் தொட்டிலுக்குள் குனிந்து 'மோளே' என்றார். கொல்லையில் இருந்த பெரியவள் ஈரக் கையோடு ஓடிவந்து, என்னப்பா என்று நின்றாள். அவளை இல்லை என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள்தான் முதல் தடவையாகப் பாயை நனைத்தாள். இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்த்தது வெகுநாள் கழித்துத்தான். அன்று எனக்குத் தெரிந்தது துவைக்க ஒரு பாய் கூடுதல் என்பது மட்டும்.

வெறுந்தொட்டில் ஆட்டுவது டிசம்பரில் தொடங்கியது. நான் சின்னவளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போகும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் அறியாதவள்போல நிற்பாள். முதுகைத் திருப்பியதும் விட்டத்துக் கொக்கி கிறீச்சிடும். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பிள்ளை கிடக்கிற தொட்டிலின் சத்தம் வேறு, வெறுமனே ஆடுகிற தொட்டிலின் சத்தம் வேறு என்று அடுத்த வீட்டு அக்கா சொல்வார். சுவருக்கு அப்பாலிருந்தே குரல் கொடுப்பார்.

"ஏம்மா, வெறுந்தொட்டி ஆடுது. கேக்குதா இல்லையா?"

கேட்காமல் என்ன. எனக்கு இந்த நம்பிக்கைகளில் பெரிய பிடிப்பு இல்லை. ஆனாலும் அந்தக் கிறீச்சொலி கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்படி ஓடியதில் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. ரசம் கொட்டியிருக்கிறது. சின்னவளுக்கு வயிறு வலித்து அழுத சாயங்காலங்களில் அடுத்த வீட்டு அக்கா வந்து வசம்பு உரைத்துத் தருவார். தந்துவிட்டுத் தொட்டிலை ஒரு பார்வை பார்ப்பார். சொல்லாமலே சொல்லும் அந்தப் பார்வை எனக்கு ஆகவில்லை.

பெரியவளிடம் நயமாகச் சொன்னேன், மிரட்டினேன், மிட்டாய் கொடுத்தேன். தொட்டில் சேலையைச் சுருட்டி அவளுக்கு எட்டாத உயரத்தில் கட்டினேன். முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி அதையும் ஆட்டினாள். அடுத்த வீட்டு அக்கா முடிவாகச் சொன்னது சவலை என்று. அடுத்த பிள்ளை வந்ததும் மூத்த பிள்ளை ஏங்கிப்போய் மெலிவதும் அடம்பிடிப்பதும் சவலை. சவலை பாய்ந்த பிள்ளையைத் தாயின் கண்ணில் படாமல் கொஞ்ச நாள் வேறிடத்தில் வைத்தால்தான் தேறும் என்றார். அவருடைய பிள்ளைகள் நாலு பேரில் இரண்டு பேர் அப்படித் தேறியவர்களாம்.

பொங்கலுக்கு என் கணவரின் அக்கா வந்திருந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். வடுகபட்டியில் அவர்களுக்குப் பூண்டு வியாபாரம். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் குழந்தை இல்லை. அன்றைக்கும் கொக்கி கிறீச்சிட்டது. அடுத்த வீட்டு அக்கா வந்து சவலைக் கதையைச் சொன்னார். மதினி பெரியவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் வடுகபட்டியில் இருக்கட்டுமே என்றார். வற்புறுத்தவில்லை. பெரியவளின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டேதான் சொன்னார். முதலில் பின்னியதைவிட நன்றாக இருந்தது அந்தப் பின்னல்.

அன்று இரவு என் கணவரிடம் கேட்டேன். "ஒன் இஷ்டம்" என்று சொல்லித் திரும்பிப் படுத்தார். எனக்கு அந்த இரண்டு வார்த்தைகளைப் போல எரிச்சல் மூட்டியது வேறில்லை. அனுப்பினால் பெற்ற பிள்ளையைத் தள்ளிவிட்டவள். அனுப்பாவிட்டால் சவலைப் பிள்ளையை வதைக்கிறவள். இஷ்டம் மட்டும் என்னுடையது. இன்னொன்றும் மனசின் மூலையில் இருந்தது. பிள்ளையில்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை போனால் அது திரும்பி வருவது அனுப்பியவர்களின் கையில் இல்லை. எங்கள் சொந்தத்திலேயே அப்படி இரண்டு மாதத்துக்குப் போய், அங்கேயே பள்ளிக்கூடம் சேர்ந்து, அத்தையை அம்மா என்று கூப்பிட்டு, கல்யாணத்துக்கு மட்டும் பெற்றவர்கள் வந்து நின்ற கதை உண்டு. இதெல்லாம் தெரிந்தும், பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில், சரி என்று சொல்லியனுப்பினேன். அதற்கு முதல்நாள் பாக்குவெட்டி கிடைக்கவே இல்லை. சாயங்காலம்வரை தேடி, கடைசியில் என் தலையணை உறைக்குள் கண்டெடுத்தேன்.

இவ்வளவும் நடந்த பிறகுதான் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. செவ்வாய்க்கிழமை பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பக்கூடாது. ஆகவே மதினி செவ்வாயன்று வந்து தங்கி, புதன் காலை முதல் பஸ்ஸில் பெரியவளைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பெரியவளிடம் யாரும் சொல்லவில்லை. பஸ் வந்து நிற்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றார் என் கணவர்.

காலை வேலை முடிந்ததும் ஒயர் கூடையில் அவள் துணிகளை அடுக்கினேன். கவுன் ஐந்து, ஜட்டிகள், ஒரு ஸ்வெட்டர், தேங்காயெண்ணெய் ஒரு சின்னப் பாட்டில், பச்சை ரிப்பன். பாய்க்கு மாற்றாக ஒரு ரப்பர் விரிப்பும் வைத்தேன். அடுக்க அடுக்க மனசு லேசாகிக்கொண்டே வந்தது. நாளைக்குப் பாய் அலச வேண்டாம். பாக்குவெட்டி வைத்த இடத்தில் இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஓர் அம்மாவாக, ஒழுங்காக, நேரத்துக்கு எல்லாம் செய்வேன். மனசு இப்படி லேசாவதே எனக்குப் பிடிக்கவில்லை. கூடையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன்.

பதினொரு மணிக்கு மதினி வந்தார். ஒரு பை நிறையப் பூண்டும், பெரியவளுக்கு ஒரு ரப்பர் பந்தும் கொண்டுவந்திருந்தார். கைகால் கழுவி உட்கார்ந்து சின்னவளை மடியில் வாங்கிக்கொண்டார். பாலாடை படியாத காப்பியைக் குடித்து முடித்துவிட்டு இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார்.

"ஏத்தா, பாக்குவெட்டி எங்கன?"

தொட்டிலில் இருக்கிறது மதினி, எடுத்துத் தருகிறேன் என்று நான் எழுவதற்குள் பெரியவள் முந்திக்கொண்டாள். தொட்டிலுக்குள் கையை விட்டுப் பாக்குவெட்டியை எடுத்து, சுற்றியிருந்த துணியோடு இரண்டு கையாலும் ஏந்தி அத்தையிடம் கொடுத்தாள். இதுவரை அவள் அதை யாரிடமும் கொடுத்ததில்லை. மதினிக்குச் சந்தோஷம். நல்ல பிள்ளை, இதையா அடம்பிடிக்குதுன்னாக என்று அவள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார்.

பெரியவள் நேராகத் திரும்பிப் போய் வெறுந்தொட்டிலை ஆட்டத் தொடங்கினாள்.

கொக்கி கிறீச்சிட்டது. மதினியைப் பார்க்க வந்து வாசலில் நின்றிருந்த அடுத்த வீட்டு அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "பிள்ளைக்கு ஏங்குறவுக முன்னால ஆட்டுற தொட்டிலா இது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சின்னக் கூடத்தில் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. மதினி பாக்குவெட்டியின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று மாதமாகச் சேர்த்துவைத்திருந்தது எல்லாம் என் கைக்கு வந்தது. பெரியவளின் முதுகை நோக்கி எழுந்தேன்.

"இருத்தா" என்றார் மதினி. பிறகு பெரியவளிடம் கேட்டார்.

"ஏத்தா, தொட்டிக்குள்ள யாரு?"

"நான்."

"நீதான் இங்கன நிக்கிறயே?"

"நான் தூங்குறேன். சத்தம் போடாதீக."

சொல்லிவிட்டுத் தொட்டிலின் விளிம்பை விரலால் விலக்கி உள்ளே பார்த்தாள். நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, முந்தானை இல்லாத தோளில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு என் குரலில் பேசினாள். வேறு எப்படிச் சொல்வது, என் குரல்தான் அது.

"அழுகாதம்மா. அம்மா இங்கனதான இருக்கேன். அக்காவப் போகச் சொல்லிட்டேன். அக்கா வர மாட்டா. நீ தூங்கு."

அடுத்த வீட்டு அக்கா அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். விருந்தாள் முன்னால் என்னைப் போலச் செய்து காட்டுகிறாளே என்று. அப்படி நான் சொல்வதே இல்லை என்று மதினியிடம் மறுக்கக்கூட வாயெடுத்தேன். ஆனால் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் சொல்கிறேன். சின்னவள் கண்ணயரும் நேரம் பெரியவள் வந்து தொட்டிலைத் தொட்டால், அவளை வெளியே துரத்திவிட்டுச் சின்னவளிடம் அதே வார்த்தைகளைத்தான் சொல்கிறேன். அவள் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கரண்டியை வரிசை மாறாமல் எடுத்துக்கொடுத்த பிள்ளை அல்லவா.

அடுப்படிக்குப் போய், கழுவிவைத்த அரிசியை மறுபடியும் கழுவினேன். அவளுக்குத் தொட்டிலில் படுக்க வேண்டுமென்றால் ஏறிப் படுத்திருக்கலாம். அடம்பிடித்துக் கேட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் தன்னை உள்ளே போட்டதாக நினைத்து, தானே ஆட்டி, தானே தாலாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆட்டுவதற்கு அவளுக்கு ஆளில்லை. இதை அவள் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள்மேலும், மூன்று வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும் என்று என்மேலும், ஒன்றையும் கவனிக்காமல் ஏலக்காய் மூட்டைக்கு எடை எழுதிக்கொண்டிருக்கும் மனுஷர்மேலும் எரிச்சலாக வந்தது. சாதம் குழைந்துபோனது.

சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்கு என் கணவர் வந்தார். சட்டையெல்லாம் ஏலக்காய் மணம். நாளைய முதல் பஸ்ஸில் வண்டிப்பேட்டை நிறுத்தத்திலேயே ஏறிக்கொள்ளலாம், உட்கார இடம் கிடைக்கும் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒயர் கூடையை இழுத்து, துணிகளை எடுத்து அலமாரியில் பழைய இடங்களில் வைக்கத் தொடங்கினேன்.

"என்ன செய்யிற?" என்றார்.

அவள் போகவில்லை என்றேன்.

"நீதான சரின்னு சொல்லிவிட்ட?"

என் இஷ்டம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இது என் இஷ்டம் என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். அவருக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. கை கழுவப் போவதுபோலக் கொல்லைக்குப் போய்விட்டார். இக்கட்டான நேரத்தில் கொல்லைக்குப் போவது அவருடைய வழக்கம்.

மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரியவள் ரப்பர் பந்தோடு அவர் காலடியில் தூங்கிப்போயிருந்தாள்.

"நான் என்ன, இவள வச்சுக்கிட்டுத் தரமாட்டேன்னா சொல்லிருவேன்?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீங்க தருவீக மதினி. இவ வருவாளான்னுதான் தெரியல. வந்தாலும் ஒரு சொல் எதுத்துப் பேசாம, விருந்தாளி மாதிரி நல்ல பிள்ளையா வந்து நிப்பா. எனக்கு அதுதான் பயம். இங்கனயே கெடந்து வெறுந்தொட்டிய ஆட்டட்டும்."

"ஊரு என்ன சொல்லும்? சின்னதுக்கு ஒண்ணுன்னா?"

"ஒண்ணும் ஆகாது" என்றேன். அதில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் சொன்னேன்.

மதினி வெற்றிலைப் பையை அவிழ்த்தார். ஒரு பாக்கை எடுத்து நாலாக வெட்டினார். மத்தியானம் வெட்டாமல் வைத்த பாக்கு அது. வெற்றிலை போட்டு முடித்ததும் பாக்குவெட்டியைத் துடைத்து, வேட்டிக் கரையை நான் சுற்றியிருந்ததைவிட இறுக்கமாகச் சுற்றி முடிச்சிட்டார். எழுந்து போய்த் தொட்டிலுக்குள் வைத்தார். கையை எடுப்பதற்கு முன் தொட்டில் சேலையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"இது நைஞ்சுபோச்சு. பெரியவ கனத்துக்குத் தாங்காது" என்றார். அவ்வளவுதான்.

அந்த வருத்தம் அவருக்கு முழுசாகத் தீரவில்லை. அதன் பிறகு ஒரு வருஷம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பூண்டு மட்டும் யார் மூலமாவது வந்துகொண்டிருந்தது. அடுத்த பொங்கலுக்கு வந்தபோதும் பெரியவளின் பின்னலை அவிழ்க்கவில்லை. அவர் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டவள் நான். அதற்காக வேறு மாதிரி முடிவெடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றவில்லை. பெரியவளும் மறுநாளே மாறிவிடவில்லை. சித்திரைவரை பாய் அலசினேன். பாக்குவெட்டி ஒருமுறை கூரை ஓட்டின் மேல் கிடைத்தது. அங்கே எப்படிப் போனது என்று இதுவரை தெரியாது. எனக்கும் எரிச்சல் ஓயவில்லை. சின்னவளிடம் அந்த வார்த்தைகளை மட்டும் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். பாதி நாள் முடிந்தது, பாதி நாள் பழக்கத்தில் வாயில் வந்து நின்றது.

ஜனவரி 30, புதன்கிழமை. நான் கண்விழித்தபோது குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் குடங்கள் உரசும் சத்தமும் கேட்டன. மதினி எனக்கு முன்பே எழுந்து, கூடத்தில் விளக்கைத் தூண்டிவிட்டு, தொட்டில் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மாற்றுக்குக் கொண்டுவந்திருந்த கெட்டிக் கைத்தறிச் சேலை, பழுப்பு நிறம், மடித்து வைத்திருந்தது. முக்காலியில் ஏறிக் கொக்கியில் அதை இரட்டையாக முடிச்சிட்டேன். அவர் கீழே நின்று இழுத்துப் பிடித்தார். தொட்டில் கம்பைக் குறுக்கே செருகி, என் எடை முழுவதையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தேன். தாங்கியது.

பெரியவளைப் பாயிலிருந்து தூக்கினேன். நனைத்திருந்தாள். கவுனை மாற்றி, அரைத்தூக்கத்திலேயே தொட்டிலில் போட்டேன். முழங்காலை மடக்கியும் பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெரிய பாதங்கள். அதே நேரம் பாயில் கிடந்த சின்னவள் விழித்து அழத் தொடங்கினாள். மதினி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நீ ஆட்டு என்பதுபோலக் கையைக் காட்டினார். ஆட்டினேன். கொக்கி வேறு மாதிரி கிறீச்சிட்டது. பெரியவள் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை. இறக்கிவிடவும் சொல்லவில்லை. வெளியே யாரோ என் பெயரைச் சொல்லி, ஒன் முறைம்மா, வரலையா என்று கூப்பிட்டார்கள். குழாய் நிற்கும்வரை ஆட்டிக்கொண்டிருந்தேன். அன்று ஒரு குடம்கூடப் பிடிக்கவில்லை.